குனியாத வண்டி

தேவசிகாமணியின் பிக்கப் வண்டி பழையது. பின்பக்கம் தொங்கிப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. வாழைத்தார் ஏற்றினால் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்த மாடு மாதிரி ஆகிவிடும். முன்விளக்கு ரோட்டை விட்டுவிட்டு மரத்தைப் பார்க்கும். கடைசியில் பாளையங்கோட்டையில் மணிராஜின் பட்டறையில் விட்டார். தேய்ந்த ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, வளைவு வைத்து, பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தான் மணிராஜ்.

"இனி குனியாது அண்ணாச்சி. ஆனா பட்டையத்தான் பலமாக்கியிருக்கேன். பிரேக்கு பழைய பிரேக்குதான்" என்றான்.

தேவசிகாமணியின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. நிமிர்ந்து நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழப்பம் அதற்குப் பிறகுதான் பிடித்தது. ஸ்ரீவைகுண்டத்துத் தோட்டங்களில் தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி மண்டிக்கு வரும்போது, நிறுத்த நினைத்த இடத்தில் வண்டி நிற்பதில்லை. மிதித்தால் யோசித்து யோசித்து நிற்கிறது. வெறும் வண்டியாகத் திரும்பும்போதோ ஒரு குறையும் இல்லை. மணிராஜும் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது என்றான். மண்டியில் ஒருவர் டயரைக் குறை சொன்னார், இன்னொருவர் ரோட்டைக் குறை சொன்னார். நல்ல பட்டை போட்ட பிறகு வண்டி கெடுமா? வண்டி கெடவில்லை என்றால் வேறு எது கெட்டது?

அந்த வேறு எதுவென்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. போன வருஷம் லேசாகப் பக்கவாதம் வந்து, வலது கால் சில வாரம் சொன்ன பேச்சைக் கேட்காமல் கிடந்தது. சரியாகிவிட்டது, வண்டி ஓட்டலாம் என்றுதான் டாக்டர் அனுப்பினார். மனைவி இன்பமணி மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்: கால் கொஞ்சம் மக்கர் பண்ணினாலும் அவளிடம் சொல்லிவிட வேண்டும், அன்றோடு சாவி அவள் கைக்கு வந்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், சொன்னால் சொன்னதுதான். சாவி போனால் இவர் நாள் முழுக்க வீட்டில் பேப்பரைப் புரட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதனால் அவளிடம் வாயைத் திறக்கவில்லை.

காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வலது காலால் சுவரை மிதித்துப் பார்ப்பார். ஒரு சமயம் பலம் இருப்பது போலத் தெரியும். இன்னொரு சமயம் இல்லாதது போலவும் தெரியும். சுவர் என்ன சொல்லும், பாவம்.

திருச்செந்தூருக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போகத் தொடங்கியிருந்தது. செய்துங்கநல்லூர் பக்கம் இவர் பாரத்தோடு வரும்போது பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு ரோட்டைக் கடந்தாள். தேவசிகாமணி பிரேக்கின் மேல் ஏறி நின்றார் என்றே சொல்ல வேண்டும். வண்டி அவள் சேலையை உரசாத குறையாகப் போய் நின்றது. அவள் திட்டக்கூட இல்லை, முருகா என்றுவிட்டு நடந்தாள். இவருக்குத்தான் ஸ்டியரிங்கை விட்டுக் கை வரவில்லை.

அன்று சாயங்காலம் இன்பமணியிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதார். அவள் சாவியை எடுத்து மருமகன் சுபினிடம் கொடுத்தாள்.

மறுநாள் சுபின் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். தார் ஏற்றும் நேரத்தில் எப்போதும் டீக்கடையில் இருப்பவர், அன்று டீக்குப் போகாமல் வண்டியருகிலேயே நின்றார். சுமை ஏற்றும் பலவேசம் வந்தான். பின்டயருக்கும் பாடிக்கும் நடுவில் மூடிய கையை விட்டுப் பார்த்தான். கை தாராளமாகப் போய் வந்தது. இன்னும் ஏற்றலாம் என்று மேலே நின்றவர்களுக்குச் சைகை காட்டினான்.

"என்னல பாக்க?" என்றார் தேவசிகாமணி.

"கை போகாம அடைச்சா பாரம் போதும்னு நிறுத்திருவோம் அண்ணாச்சி. நீங்க பட்டை போட்டதுலருந்து அடைக்கவே மாட்டேங்கு. வண்டி பாரத்த நல்லா வாங்குது."

அந்தத் தோட்டங்களில் ஏற்றும்போது எடை போடுவதில்லை. பலவேசத்தின் கைதான் எடை. இவருக்கு வாடகை நடைக்கு இவ்வளவு என்பதால் தாரை எண்ணியதும் இல்லை. பாரம் உயரமாகத் தெரிந்தபோதுகூட, வண்டி உயர்ந்ததால்தான் அப்படித் தெரிகிறது என்று இருந்துவிட்டார். குனியாத வண்டியின் மேல் இத்தனை நாளும் கூடுதல் பாரம் ஏறியிருக்கிறது. பிரேக் பழைய பிரேக்.

கூடுதலாக ஏறியதை இறக்கச் சொல்லி, பழைய பாரத்தோடு தோட்டத்து மண்பாதையில் தானே ஓட்டி, மிதித்தார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. தேவசிகாமணி வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. சுபின் ஓட்ட, வீடு வரைக்கும் அவனிடம் பேசிக்கொண்டே வந்தார்.

இன்பமணி முழுவதையும் கேட்டாள். ஸ்தோத்திரம் சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுபின் திருப்பிக் கொடுத்த சாவி அவள் கையில் இருந்தது, இவர் அதற்குக் கையை நீட்டினார்.

"கால் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள். "ஆனா கால் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேதான அத்தனை நாளும் ஓட்டுனீங்க? அந்தப் பொம்பளையும் பிள்ளையும் நடந்து போற ரோட்டுல?"

இதில் மட்டும் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.