கறுப்புக் கைப்பிடி

படகுப் பட்டறையில் ஒட்டு வேலை பார்க்கிறதால் பசையக்கா என்று பெயர் வாங்கியவள், இருக்கையின் கடைசித் திருகாணியைக் கழற்றித் தரையில் விட்டெறிந்தாள். போன வாரம் அவளே வைத்த இருக்கை. படகின் ஃபைபர் தரையில் துளை போட்டு, தண்ணீர் இறங்காமல் அடைத்து, மேலே உட்கார்ந்து குலுக்கிப் பார்த்து, அசையவில்லை என்று மனம் நிறைந்து வைத்தது. அதில் உட்கார்ந்து ஓட்டப்போகிறவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இப்போது அதைக் கழற்றச் சொல்லி உத்தரவு.

படகு சின்னதுதான். அடிப்பக்கம் கெட்டியான ஃபைபர், சுற்றிலும் காற்றடைத்த பருத்த வெள்ளைக் குழாய். நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், தம்பியின் முதலாளிக்குச் சொந்தமான உல்லாசக் கப்பலிலிருந்து விருந்தாளிகளைக் கரைக்கு ஏற்றி இறக்குவதுதான் இதற்கு வேலை. வேலை முடிந்ததும் கப்பலில் இருக்கிற கிரேன் இதை அலேக்காகத் தூக்கி மேல்தளத்தில் வைத்துவிடும். அந்தக் கிரேனுக்கு ஓர் அளவு உண்டு, கனம் கூடினால் மக்கர் பண்ணும். முதலாளி முதலில் மெத்தை கேட்டார். பிறகு ஐஸ் பெட்டி. அதற்கும் பிறகு ஆள் உட்காருகிற அகலத்துக்கு ஸ்பீக்கர். எடை தாண்டிவிட்டது, எதையாவது குறைக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் மென்று முழுங்கிச் சொன்னதும், முதலாளி படகைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு ஓட்டுகிறவனின் இருக்கையைக் காலால் தட்டிக் காட்டினாராம். அவன் குழாய்மேல் உட்கார்ந்துகொள்வான் என்றாராம்.

பாட்டுக்கு இடம் இருக்கிறது, ஐஸ் கட்டிக்கு இடம் இருக்கிறது, அத்தனை பேரையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனுக்கு உட்கார இடம் இல்லை! நன்றாக இருக்கிறது நியாயம். போன பருவத்தில் பழைய படகில் தம்பி இப்படித்தான் விளிம்பில் தொற்றிக்கொண்டு ஓட்டினான். அலை தூக்கிப் போட்டதில் கடலில் விழுந்து இடது தோள் மூட்டு நழுவிவிட்டது. கவனக்குறைவு என்றார் முதலாளி. ஆமாம் சார் என்று இவனும் தலையாட்டிவிட்டு வந்தான். இன்றைக்கும் அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பாது. சட்டை மாட்டுவதற்குள் அவன் முகம் கோணுவதை அவளால் பார்க்கச் சகிக்காது.

தம்பி வந்தான். தரையில் கிடந்த இருக்கையைப் பார்த்தும் பாராதவன்போல என்ஜினைத் துடைக்க ஆரம்பித்தான்.

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"என்னத்தக் கேக்குறது? அவரு படகு, அவரு இஷ்டம். நான் ஓட்டிக்குவேன், நீ சும்மா இரு, அக்கா."

அவளுக்கு முதலாளிமேல் வந்த கோபத்தைவிட இவன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. சும்மா இருக்க வேண்டுமாம். தோளை நீவிவிட மட்டும் அக்கா வேண்டும். காற்று சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும், குழாய்மேல் உட்கார் என்றாள். உட்கார்ந்தான். வலது கை ஸ்டியரிங்கைப் பிடித்தது. இடது கை வலியில்லாமல் எங்கே இறங்கி நிற்கிறது என்று பார்த்து, அவன் எழுந்து டீசலுக்குப் போனதும் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

குழாயை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். துடைத்தாள். பசையை மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் வருகிற பதம்வரை காத்திருந்து, மறுபடியும் பூசினாள். படகில் கறுப்பு என்று ஒரு பொட்டு தெரியக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. கோடு போட்ட இடத்தில் ஒட்டுவதற்கு வெள்ளை ரப்பர்க் கைப்பிடி பட்டறையில் தீர்ந்துபோயிருந்தது. இருந்திருந்தாலும் அவள் கறுப்பைத்தான் எடுத்திருப்பாள். உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்க்கும்போது, தொலைந்து போகிறவனே, பிடித்துக்கொள்ளடா என்று வாய்விட்டுத் திட்டினாள்.

மறுநாள் படகு தண்ணீரில் இறங்கியது. தம்பி கைப்பிடியைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, அவரு பாத்தா என் வேலை போயிரும். பிச்சிரு."

"நீயே பிய்ச்சுக்கோ."

விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்துப் பார்த்தான். கைப்பிடி அசைந்து கொடுக்கவில்லை.

"நல்லா இழு. குழாய்தான் கிழியும், அது வராது."

அவளை முறைத்தான். அதற்குள் முதலாளி விருந்தாளிகளோடு படகுத்துறை மரப்பாலத்தில் வந்துவிட்டார். தம்பி சட்டென்று விருந்தாளிகளுக்காக மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டொன்றை எடுத்துக் கைப்பிடிமேல் போட்டு மூடினான். பசையக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தன்னைக் காப்பாற்ற வந்ததையே களவுபோல மறைக்கிறானே, இவனை என்ன செய்வது! முதலாளி மெத்தையை அமுக்கிப் பார்த்தார், ஸ்பீக்கரைத் தட்டிக்கொடுத்தார், பிரமாதம் என்றார். பாட்டு ஆரம்பித்தது. தம்பி குழாய்மேல் ஒண்டிக்கொண்டான், இடது கை மடியில் கிடந்தது.

படகு அலைத்தடுப்புக் கற்களைத் தாண்டியதும் வேகம் எடுத்தது. போ, மெதுவாகப் போ என்று அவள் பாலத்தின் கடைசிப் பலகைவரை ஓடினாள். முதல் அலையில் படகின் மூக்கு எழும்பி விழுந்தது. அடுத்ததில் தம்பியின் உடம்பு குழாயைவிட்டு ஒரு சாண் மேலே போனது. துண்டு பறந்தது.

முன்னால் இருந்த முதலாளி திரும்பி, துண்டு இருந்த இடத்தைப் பார்த்தார். தம்பியின் இடது கை அங்கே இறுகியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பி கையை எடுக்கவில்லை. படகு சின்னதாகிக்கொண்டே போக, வெள்ளைத் துண்டு ஒவ்வோர் அலையாக ஏறி இறங்கி அவள் பக்கமாக வந்துகொண்டிருந்தது.