ரோஜாவுக்கு வந்த மிஸ்டு கால்

மற்றவர்கள் போனில் ஏதாவது கோளாறு என்றால் கஸ்டமர் கேருக்கு அடிப்பார்கள். அவர்கள் போடுகிற பாட்டை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். தணிகாசலத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவருடைய கஸ்டமர் கேர் அவர் வீட்டு மாடியிலேயே வாடகைக்குக் குடியிருந்தது. பெயர் தங்கமாரி.

தப்பு தங்கமாரி மேல்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், பார்த்த வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். தணிகாசலத்தின் மகள் மஞ்சுளா குன்றத்தூரிலிருந்து வந்து, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு எந்தப் போன் வாங்கலாம் என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டாள். இவள் உடனே, "இதையே வாங்குங்கக்கா. நான் செய்யுத போனு. கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று அடித்துவிட்டாள்.

உலகமே வரிசையில் நின்று வாங்குகிற போன்தான் அது. அதில் பொய் இல்லை. 'நான் செய்யுத' என்பதில்தான் காற்று கொஞ்சம் அதிகம். போனின் உட்புறத்து ஓரத்தில் இரண்டு திருகாணி முடுக்குவது அவள் வேலை. முடுக்கியதும் அது அடுத்தவளிடம் நகர்ந்துவிடும். அந்தப் போனுக்கு விளக்கெரிந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர்க் கடைவீதியில் அதன் பெரிய படத்தைப் பார்த்தால், நம்ம கை பட்டதாக்கும் என்று அவளுக்கு நெஞ்சு நிமிரும். அந்தப் பெருமையில் விட்ட வார்த்தை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

போன் வந்த முதல் நாளே ஆரம்பித்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இவள் இறங்கும்போது தணிகாசலம் கேட்டருகே நாற்காலி போட்டு, மடியில் போன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாப்பா, டப்பால சார்ஜரே காணோம்? வெறும் ஒயருதான் கீது. உங்க ஆளுங்க எட்த்து வச்சிக்கினாங்களா?"

"அது அப்படித்தான் அண்ணாச்சி. சார்ஜர் தனியா வாங்கணும்."

"அண்ணாச்சின்னு கூப்புடாதன்னு எத்தினி தபா சொல்றது? நான் இன்னா மளிகைக்கடையா வச்சிக்கினு கீறேன்?"

மறுநாள், ஹெட்செட் சொருகுகிற ஓட்டையைக் காணோம் என்றார். அதற்கு மறுநாள், முருகன் பாட்டெல்லாம் ஏற்றி வைத்திருந்த மெமரி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சொருவ எடமே இல்லியே. இத்த இன்னா வாயில போட்டுக்கவா? உன் சூப்பர்வைசராண்ட சொன்னியா, இல்லியா?"

"சொல்லிட்டேன். பாக்கேன்னு சொல்லியிருக்காவ" என்று தங்கமாரி வாய் கூசாமல் புளுகிவிட்டு மாடி ஏறினாள்.

அறைத்தோழி சுகப்பிரியா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி, ரெண்டு ஸ்குரூ முடுக்குனதுக்கே இந்தப் பாடுன்னா, முழுப் போனையும் செஞ்சிருந்தா உன்ன என்ன பாடு படுத்தியிருப்பாரு!"

சிரிக்கலாம். ஆனால் அந்த அறையை விடவும் மனசு வராது. வாசலிலேயே பஸ் நிற்கும். எப்போது திறந்தாலும் குழாயில் தண்ணீர் வரும். தணிகாசலத்தின் மனைவி சின்னப்பொண்ணு, கீழேயிருந்து தூக்குவாளியில் மோர் அனுப்புவாள். தணிகாசலம் போட்ட சட்டங்களைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதில் முக்கியமான சட்டம், விசில் அடிக்கக் கூடாது. ஊரில் ஆடு மேய்த்த காலத்திலிருந்தே தங்கமாரிக்கு உதடு சும்மா இருக்காது. ஒருநாள் துணி காயப்போடும்போது அடித்துவிட்டாள். மனுஷன் மூச்சிரைக்க மாடிக்கு ஏறி வந்தார்.

"பொம்பளப்புள்ள வூட்ல விசிலட்ச்சா பாம்பு பூரும். இன்னொரு தபா சத்தம் வந்துச்சி, பெட்டியக் கட்டிக்கினு போய்க்கினே இரு."

அன்றிலிருந்து அவள் உதட்டை மடித்துக்கொண்டுதான் துணி காயப்போட்டாள்.

சார்ஜரும் ஓட்டையும் சில்லறைக் குறைகள். பெரிய குறை மாட்டுக் கொட்டகையில் வெடித்தது.

தணிகாசலத்திடம் ரோஜா என்று ஒரு ஜெர்சிப் பசு இருந்தது. பாலை வாங்கிக்கொண்டு போய், கம்பெனி கேட் டீக்கடையில் ஊற்றுகிறவன் சின்னப்பொண்ணுவின் தம்பி புருஷோத்தமன். மணிமங்கலத்திலிருந்து வண்டி எடுக்கும்போது ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். கிளம்பிவிட்டேன், கறக்க உட்காருங்கள் என்று அர்த்தம். தணிகாசலம் எடுக்க மாட்டார்; அவர் கை இரண்டும் விளக்கெண்ணெயில் இருக்கும். ஆணியில் மாட்டிய சட்டைப் பைக்குள் போன் முழுசாக அடித்து ஓயும். அது ஒரு பழைய சைனா போன். யாரோ விசிலடிப்பது போல ஒரு மெட்டு, நடுவில் ஸ்பீக்கர் கிழிந்து விக்கல் எடுக்கும். காலையும் மாலையும் அதைக் கேட்டுக் கேட்டு ரோஜாவுக்குப் பழகிப்போயிற்று. கன்று பால்குடி மறந்த பிறகு, அந்த மெட்டைக் கேட்டால்தான் அவள் மடியில் பால் இறங்கும்.

புதுப் போனில் மிஸ்டு கால் வந்தது. டிங் டிங் என்று பெரிய மனுஷத்தனமாக மணி அடித்தது. ரோஜா கழுத்தைத் திருப்பிச் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பாலை அடக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். காம்பை இழுத்தால் உதை. மறுநாளும் அதே கதை. மாட்டு டாக்டர் வந்து நாக்கு, வயிறு எல்லாம் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பழைய பாட்ட இதுல வச்சிக் குடு" என்று தணிகாசலம் போனைத் தங்கமாரியிடம் நீட்டினார்.

சுகப்பிரியா மாடிப்படியில் உட்கார்ந்து அதை நோண்டினாள். போன் தன்னிடம் இருக்கிற மணிகளை மட்டும் வரிசையாகக் காட்டியது. நம் இஷ்டத்துக்கு ஒரு மெட்டை வைக்க வேண்டுமென்றால் அங்கே போ, இங்கே போ, பாஸ்வேர்டு கொடு என்று அலைக்கழித்தது. அப்படியே வைக்கலாமென்றாலும் மெட்டுக்கு எங்கே போவது? பழைய போனை மஞ்சுளா பழைய சாமான்காரனிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் மக்கு வாங்கிவிட்டாள். கொட்டகையில் தண்ணீர் மொள்ளுகிற மக்கு அதுதான்.

யூடியூபில் தேடி, கிட்டத்தட்ட அதே போல ஒன்றைப் பிடித்தார்கள். ரோஜாவின் காதருகே போனைப் பிடித்து அமுக்கினாள் தங்கமாரி. முதலில் விளம்பரம் வந்தது. நகைக்கடன் வேண்டுமா என்று ஓர் ஆள் அடித்தொண்டையில் கத்தினான். ரோஜா மிரண்டு உதைத்த உதையில் வாளி கொட்டகைக்கு வெளியே போய் விழுந்தது. விளம்பரம் முடிந்து வந்த மெட்டும் வேறு மெட்டு.

தணிகாசலத்துக்குப் பொறுமை போய்விட்டது. "நிலாவப் படம் புடிக்குதாம். என் மூஞ்சியப் பாத்துத் தொறக்குதாம். ஒரு மாட்ட கூப்புட வக்கில்ல, இதுக்குப் பேரு போனா? இன்னா பாப்பா செஞ்சி வச்சிக்கிற நீ?"

தங்கமாரி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இரண்டு திருகாணியை இன்னும் கொஞ்சம் அழுத்தி முடுக்கியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதோ என்றுகூட அவளுக்குத் தோன்றிவிட்டது.

வற்றிய மாட்டைக் கட்டித் தீனி போட முடியாது, ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்து ஓட்டிப்போகட்டும் என்று தணிகாசலம் முடிவு செய்தார். சின்னப்பொண்ணு ரோஜாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். திட்டியிருந்தால் தங்கமாரி தாங்கியிருப்பாள். சின்னப்பொண்ணு திட்டவில்லை. "உன்ன நம்பித்தானம்மா வாங்கினோம்" என்று மட்டும் சொன்னாள். தங்கமாரிக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை. மாடிப்படியிலிருந்து அவள் போடுகிற வாழைப்பழத் தோலுக்காக ரோஜா நாக்கை நீட்டுவது நினைவுக்கு வந்து, கண் நிறைந்துவிட்டது.

ஞாயிறு விடியற்காலையில் தரகர் குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார். கறவையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவேன் என்றார். தணிகாசலம் எண்ணெயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். தங்கமாரி மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புருஷோத்தமன் மிஸ்டு கால் கொடுத்தான். சட்டைப் பைக்குள் டிங் டிங் என்றது. ரோஜா நிமிர்ந்து சட்டையைப் பார்த்தாள். காதை முன்னால் மடித்து, ஒருவேளை இன்றைக்காவது வருமோ என்று காத்திருந்தாள். மணி ஓய்ந்தது. அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

"காய்ஞ்ச மாடு. அடிமாட்டு வெலதான் போவும்" என்றார் தரகர்.

அந்தச் சொல் தங்கமாரியை என்னவோ செய்துவிட்டது. அறை போனால் போகட்டும். உதட்டைக் குவித்தாள்.

விடியற்காலையில் அந்தச் சனியன் பிடித்த போன் எத்தனை நாள் அவள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது! போர்வைக்குள் எத்தனை நாள் அதைச் சபித்திருக்கிறாள்! மெட்டு ஒரு சொட்டுக் குறையாமல் மண்டைக்குள் இருந்தது. அடித்தாள். நடுவில் ஸ்பீக்கர் கிழிந்த இடம் வந்ததும் அங்கே அதே விக்கலையும் சேர்த்து அடித்தாள்.

ரோஜாவின் வால் நின்றது. காது திரும்பியது. பிறகு பின்னங்காலை அகட்டி வாகாக நின்றுகொண்டு, "ம்மா" என்று ஒரு குரல் கொடுத்தாள். தணிகாசலம் விரலை வைத்ததும் வாளியில் சர்சர்ரென்று பால் இறங்கியது.

எல்லோரும் மாடிப்படியைப் பார்த்தார்கள். தங்கமாரி விசிலை நிறுத்தினாள்.

"தப்புத்தான் அண்ணாச்சி. நான் ரூமக் காலி பண்ணிருதேன். மாட்ட மட்டும் விக்காதீய."

"எவ ரூம எவ காலி பண்றது? நிறுத்தாத, அடி பாப்பா! பாதி மடி அப்டியே கீது!"

"பாம்பு வந்துருமே..."

சின்னப்பொண்ணு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "வந்தா வரட்டும்டி. அதுக்கும் ஒரு டம்ளர் ஊத்திட்டாப் போச்சி. நீ அடி."

நுரை வாளி விளிம்புக்கு வந்ததைப் பார்த்துத் தரகருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நல்ல விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று கயிற்றில் கை வைத்தார்.

தணிகாசலம் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "மாட்ட ஓட்டிக்கினு போயி எப்டிய்யா கறப்ப? விசிலுக்கு எங்க போவ?"

"அந்தப் பொண்ணு யாரு?"

"எங்க வூட்டுப் பொண்ணு. கம்பெனில போன் செய்யிது. அத்தெல்லாம் உன்கூட அனுப்ப முடியாது."

குட்டியானை வெறும் வண்டியாகத் திரும்பிப் போனது. 'போன் செய்யிது' என்று அவர் வாயாலேயே சொன்னதை நினைத்து நினைத்துத் தங்கமாரிக்கு அன்று பூராவும் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. மாலையில், சில நாளாக நின்றுபோயிருந்த மோர்த் தூக்குவாளியும் மறுபடி மாடி ஏறியது.

அவள் விசிலைப் பதிவு செய்து பார்க்காமலும் இல்லை. ரோஜா போனை முகர்ந்து பார்த்துவிட்டு, மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள். ருசி கண்டவள் ஏமாறுவாளா? ஆகவே இப்போதெல்லாம் தங்கமாரியின் ஷிஃப்ட் எப்படியோ அப்படித்தான் கறவை. நைட் ஷிஃப்ட் வாரத்தில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகுதான் பால். டீக்கடைக்காரர் புருஷோத்தமனைத் திட்டுவார், அவன் அக்காவைத் திட்டுவான். தணிகாசலம் இன்னும் கேட்டருகே நாற்காலி போட்டுத்தான் உட்காருகிறார். புகார்தான் வேறு.

"இன்னா பாப்பா, இன்னிக்கும் ஓவர்டைமா? மாடு காத்துக்கினு கீது. உன் சூப்பர்வைசராண்ட பேசுறியா, நான் வந்து பேசவா?"

போன வாரம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அதே போனை வாங்கலாமா என்று விசாரிக்க வந்தார். தங்கமாரி படியேறிக்கொண்டிருந்தவள், அங்கேயே நின்றுவிட்டாள்.

தணிகாசலம் போனைத் துண்டால் துடைத்து அவர் கையில் கொடுத்தார். "கண்ண மூடிக்கினு வாங்கு. எங்க பொண்ணு செய்யிற போனு. ரிங்டோன் மட்டும் உள்ள வராது. அது மாடில கீது."