நாக்குல ஒட்டின விதை

இந்தக் காலத்துல ஒருத்தன் கையை நீட்டினாப் போதும், ஊரே அந்தப் பக்கம் ஓடுது. நின்னு பாக்கற ஆளே இல்லை. எண்பத்து மூணுல, பங்குனி வெயில்ல, என் பொஞ்சாதி ராயம்மாள் ஓடைப் பக்கம் ஓடினதும் அப்படித்தான்.

மழை பொய்ச்சு எங்க கிணத்துல அடிப்பாறை தெரிஞ்சது. சினை மாட்டுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை. மறுநாள் மாரண்டஹள்ளி மாட்டுத் தரகன் வந்து அதை விலைக்கு ஓட்டிக்கிட்டுப் போறதாப் பேச்சு.

அப்பத்தான் பக்கத்துக் காட்டுக் கிருஷ்ணப்பன் ஓடையில இருந்து கத்தினான். அவனுக்கு அவசரம் வந்தா வூட்டுக் கன்னடம் வந்துரும்.

"நோடு, நோடு! இங்க பாருங்க சவரிண்ணா, நீர்முள்ளி பூத்திருக்குங்க! அடியில தண்ணி இருக்குது!"

"போன வருசமும் இதான் சொன்ன. முள்ளே இல்லாத கொழுஞ்சிச் செடியைக் காட்டி என்னை இடுப்பளவு தோண்ட வச்ச."

"தவக்காலத்துல பொய் சொல்லுவாரா?"ன்னா ராயம்மாள்.

"அவன் என்ன நம்மளாட்டம் வேதக்காரனா? அவனுக்கேதுடி தவக்காலம்?"

அவ முன்னால ஓட, நான் திட்டிக்கிட்டே கடப்பாரையோட போனேன். ஓடைப் பள்ளத்துல ஒரே ஒரு செடி, முழங்கால் உயரம். ஊதாப் பூ. கணுவுக்குக் கணு முள்ளு. எண்ணினேன், நீர்முள்ளிக்கு இருக்கற மாதிரியே ஆறு. கீழ்க் கணுவுல முத்தின காயை நசுக்கி, விதையை நாக்குல போட்டேன். நீர்முள்ளி விதைன்னா எச்சில் பட்டதும் கொழகொழன்னு ஊறி ஒட்டிக்கும்.

"என்னங்கண்ணா?"

பேச முடியல. நாக்கு மேலண்ணத்தோட ஒட்டிக்கிச்சு.

"ஆத்தாடி, இவரு வாயையே அடைச்சிருச்சு! அப்ப நெசந்தான்!"னு ராயம்மாள் கையைத் தட்டினா.

மூணு பேரும் மாத்தி மாத்தித் தோண்டினோம். முழங்கால் ஆழத்துல மண்ணு குளுந்துச்சு. இடுப்பு ஆழத்துல களி. கடப்பாரையை இன்னும் ஒரு முழம் எறக்கி இழுத்தேன், அந்த ஓட்டையில குபுக்குன்னு தண்ணி! கிருஷ்ணப்பன் குழிக்குள்ள குதிச்சான். நானும் ஒரு சத்தம் போட்டுட்டேன், அடக்க முடியல.

ராயம்மாள் மாட்டை ஓட்டியாந்து, கலங்கல் தண்ணியைக் குண்டான்ல மொண்டு வச்சா. மாடு மூச்சு விடாம உறிஞ்சிட்டு, இன்னும் கேட்டு முட்டுச்சு.

"இப்பவாவது நம்பறீங்களாண்ணா?"

"ரெண்டு குண்டான் தண்ணிக்கு ஊத்துன்னு பேராடா? காலையில ஊறி நிக்கட்டும், பாக்கலாம்."

"அப்பத் தரகன்?"னா ராயம்மாள்.

"வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்றேன்."

கடப்பாரையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன். பின்னால ரெண்டு பேரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். ஒரு பூவைப் பாத்துத் தண்ணியை நம்பற ஆளு நான் இல்லை.