கையைப் பற்றி ஒரு பக்கம்

எழுதியவர் அறையில் இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. அந்தப் பதிப்பகத்தின் வழக்கம் அது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல் எதுவானாலும், அச்சுக்குப் போகும் முன் பள்ளிகளிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, நகல் படியை முன்கூட்டியே படிக்கக் கொடுத்து, ஒரு நாள் உட்கார வைத்துப் பேச விடுவார்கள். ஒவ்வொரு பிள்ளை கையிலும் பச்சைச் சீட்டும் சிவப்புச் சீட்டும் இருக்கும். எது இன்னும் வேண்டுமோ அந்தப் பக்கத்தில் பச்சை ஒட்ட வேண்டும், எது குறைய வேண்டுமோ அதில் சிவப்பு. எழுதியவர் முகத்தைப் பார்த்தால் பிள்ளைகள் தாட்சண்யம் பார்ப்பார்களாம். அதனால் அவரைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்து, "இவங்க நம்ம ஆபீஸ்தான்" என்று சொல்லிவிடுவார்கள்.

அக்கா அப்படித்தான் அன்று ஆபீஸ்காரியாக உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட ஒரே ஒரு தங்கைதான். ஆனால் பெரிய லாண்டரியில் வேலை செய்த காலத்தில், அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் பேரே அதுவாகிப் போயிருந்தது. ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு என்று ஈரத்தோடு தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப் போனபின் வேலையை விட்டாள். எழுத ஆரம்பித்தாள். இதற்கு முன் எழுதிய இரண்டும் போன வேகத்தில் திரும்பி வந்தன. இதுவும் திரும்பினால் மறுபடி லாண்டரிதான். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அங்கே யார் சேர்ப்பார்கள் என்பது வேறு கதை.

நாவல் தங்கையின் கதை. பதினாறு வயதில் அக்காவோடு வேலைக்குச் சேர்ந்த தங்கை, மறு வருஷமே விரிப்பு தேய்க்கும் சூட்டு உருளையில் வலது கையைக் கொடுத்தவள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு, கை பட்டால் மெஷின் நின்றுவிடும். கை பட்டாலும் நிற்கும், துணி சுருண்டு பட்டாலும் நிற்கும். நின்றால் மேஸ்திரி கத்துவார். அதனால் தலையணை உறையைக் கிழித்து அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடுவது அங்கே எல்லாருக்கும் பழக்கம். தங்கைக்கு அந்தக் கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான். அதே லாண்டரியில் அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் போட்டார்கள், இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

எழுத அவள் சம்மதித்தது ஒரே ஒரு பேச்சின் மேல். "கையப் பத்தி ஒரு பக்கம். அதுக்கு மேல ஒரு வரி இருந்துச்சு, உன்கூட பேச மாட்டேன். பாக்கறவன் எல்லாம் முதல்ல கையத்தான் பாக்கறான். புத்தகத்துலயாவது மூஞ்சியப் பாக்கட்டும்."

அக்கா அந்தப் பேச்சைக் காப்பாற்றியிருந்தாள். கை ஒரு பக்கம். மீதியெல்லாம் தங்கையின் வாய்: அவள் சொன்ன கதைகள், அடித்த லூட்டி. அழுக்குத் தலையணை உறைக்குள் கிடந்த யாரோ ஒரு கிழவரின் பல்செட்டை எடுத்து மேஸ்திரியின் டீ கப்பில் போட்ட கதைக்கு மட்டும் ஒரு அத்தியாயம். எழுதும்போது அக்காவே சிரித்திருக்கிறாள்.

பதிப்பாசிரியர் அம்மாள் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கி வைத்தார். பிள்ளைகள் சும்மா சொல்லக் கூடாது, வெளுத்து வாங்கினார்கள்.

"மொதல்ல, பொதுவா கதைகள்ல என்ன குறையணும்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ரெண்டு பசங்க ஒரு பொண்ணுக்காக முறைச்சுக்கறது," என்றாள் தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண். "எங்க கிளாஸ்ல அப்படி ஒருத்தனும் யாருக்காகவும் முறைச்சுக்கறதில்ல. கேன்டீன்ல எடம் புடிக்கத்தான் முறைச்சுக்கறான்."

"கடைசியில ஒரு பெரியவர் வந்து புத்தி சொல்றது," என்றான் இன்னொருவன். "அது வந்தாலே நான் மூடிடுவேன்."

"உலகத்தையே காப்பாத்தறதும் வேணாம். பரீட்சை எழுதவே டயம் இல்ல."

அக்காவுக்கு மனசுக்குள் குளிர்ந்தது. அவள் நாவலில் இந்த மூன்றும் இல்லை.

"சரி, இந்தக் கதைக்கு வருவோம். எது இன்னும் வேணும்?"

கனமான கண்ணாடி போட்ட பையன் கை தூக்கினான். அவன் படியில் ஒரே இடத்தில் பச்சைச் சீட்டுகள் புல் முளைத்த மாதிரி நின்றன. "மெஷின்ல கை போற எடம். ஒரே பக்கத்துல முடிஞ்சிடுது. அதுதான் கதையிலயே பவர்ஃபுல். இன்னும் வேணும்."

"ஆமா, நானும் அங்கதான் ஒட்டினேன்," என்றாள் குட்டைமுடிக்காரி. "எனக்கு அழுகை வந்துச்சு, ஆனா வர்றதுக்குள்ள அடுத்த பக்கம் போயிடுது. அந்தப் பொண்ணு மொதல்ல கையப் பாக்கறது, அவங்க அம்மா வந்து பாக்கறது, அதெல்லாம் இல்லவே இல்ல."

"அந்தப் பல்செட்டு சமாச்சாரம் குறைக்கலாம்," என்றான் கண்ணாடி. "சீரியஸா போயிட்டிருக்கறப்ப காமெடி. இவ்ளோ கஷ்டத்துல இருக்கறவங்க அப்படிச் சிரிப்பாங்களா?"

சிவப்புச் சீட்டுகள் அந்த அத்தியாயத்தில் வரிசையாக ஏறின. அக்கா முழங்காலின் மேல் இருந்த கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓரத்தில் ஒரு பெண் அதுவரை பேசவே இல்லை. அவள் விரல் நுனிகளைப் பார்த்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. சலவைச் சோடாவில் வெந்து, தோல் வெடித்து, வெளிறிப் போன நுனிகள். பதிப்பாசிரியர் அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவள் நம்ம ஆள், இவள் சொல்லட்டும் என்றிருந்தது.

"எனக்கு நெறைய எடத்துல சிவப்பு," என்றாள் அந்தப் பெண்.

"பரவால்ல, சொல்லு."

"அந்தப் பொண்ணு எப்பப் பாத்தாலும் வேலை செஞ்சுட்டே இருக்கா. நான் ஸ்கூல் விட்டு லாண்டரிக்குப் போயிட்டு வந்துதான் இதப் படிச்சேன். மறுபடியும் அங்கயே போன மாதிரி இருந்துச்சு. ஆவி, நாத்தம், மேஸ்திரி. எனக்கு அது வேணாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "கை போறது அந்த ஒரு பக்கமும் வேணாம். பல்செட்டு மட்டும் ரெண்டு தடவை படிச்சேன். அது மாதிரி இன்னும் நாலு இருக்கலாம்."

"ஆனா அதுதானே நெஜம்?" என்றான் கண்ணாடிப் பையன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். "அதையெல்லாம் நாங்க தெரிஞ்சுக்க வேணாமா?"

அந்தப் பெண், "உனக்கு வேணும்னா தெரிஞ்சுக்கோ" என்று முனகிவிட்டுக் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பதிப்பாசிரியர், "ரொம்ப நல்ல கருத்து" என்று அவளுக்கு ஒரு நன்றி சொன்னார். சீட்டுகளை எண்ணிச் சேர்க்கும்போது அது ஒரு ஓட்டு. அவ்வளவுதான்.

கலையும்போது அந்தப் பெண் படியைத் திருப்பிக் கொடுக்க அக்காவிடம் வந்தாள். "நீங்க ஆபீஸ்தானே ஆன்ட்டி? இத எழுதினவங்களப் பாத்தா, பல்செட்டு நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"சொல்றேம்மா," என்றாள் அக்கா.

பிள்ளைகள் போனபின் பதிப்பாசிரியர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களா? பசங்க எவ்ளோ ஆழமாப் படிக்கறாங்க. கை போற எடத்த விரிங்க. ஏழெட்டுப் பக்கம் போகட்டும். அந்த அம்மா வந்து பாக்கற எடத்துல வாசகர் அழணும்."

"அம்மா அழலீங்க மேடம்," என்றாள் அக்கா. "நெஜத்துல நடந்தப்ப அழவே இல்ல. ரத்தம் பட்ட விரிப்பு எந்த ஆஸ்பத்திரியோடதுன்னு மேஸ்திரிகிட்ட கேட்டுட்டு நின்னுச்சு."

"அய்யோ, அது ரொம்ப வறட்சியா இருக்கு. அழ வைங்க. அப்புறம் அந்தப் பல்செட்டு அத்தியாயம் வேணாம், எடுத்துடுவோம்."

"அந்த ஓரத்துப் பொண்ணு அதத்தானே கேட்டுச்சு."

"பாவம், அது களைச்சுப் போயிருக்கு. அந்தப் பொண்ணு புத்தகம் வாங்கப் போறதில்லையேக்கா." அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். "இந்த வருஷம் ஒரு புத்தகத்துக்குத்தான் எடம் இருக்கு. இத மட்டும் செஞ்சு குடுத்தீங்கன்னா அது உங்களோடது."

அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

வீட்டில் தங்கை காலை நீட்டி உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்க உன் நீதிபதிங்க?"

"ஒரு பொண்ணுக்குப் பல்செட்டு ரொம்பப் புடிச்சிருந்துச்சாம்."

"அது தெரிஞ்சதுதானே. மத்தவங்க?"

அக்கா தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லாமல் போனதும் சொன்னாள். "கை இன்னும் வேணுமாம்."

தங்கை கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். "இருக்கறதே ரெண்டு வெரலு. அதையும் கேக்கறாங்களா?"

"அழணுமாம்டி."

"ஏன், அவங்க வீட்ல வெங்காயம் இல்லையா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முதலில் நின்றது அக்காவுக்கு. தங்கை அதைக் கவனித்தாள்.

"செய்யறதா இருக்கியா?"

"செய்யலன்னா போடமாட்டாங்க."

"அப்ப ஒண்ணு பண்ணு. கை போனது அக்காவுக்குன்னு எழுது. அன்னிக்கு நீ எனக்குப் பக்கத்துல நின்னுதானே துணி குடுத்த? நம்ம ரெண்டு பேரு கைக்கும் நடுவுல ஒரு சாண்தான். உன் கைய எத்தனை பக்கம் வேணா எழுது. நூறு பக்கம் எழுதேன். நானே உக்காந்து படிக்கறேன்."

வழி சரியாகத்தான் பட்டது. வேலைக்குத் தங்கை கிளம்பிப் போன ஒரு காலையில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். விரிப்பின் நுனியை அக்கா பிடிக்கிறாள், உருளை இழுக்கிறது, விரல் சூட்டுக்குப் பக்கத்தில் போகிறது. அங்கே யாரோ ஓடி வந்து சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். இந்தத் தடவை துணி மட்டும் சுருண்டு கருகியது, கை தப்பித்தது. மறுபடியும் எழுதினாள். நகம் ஒன்று கருத்ததோடு சரி. தங்கையின் கையை ஒரே மூச்சில் உள்ளே விட்டவளுக்குத் தன் சுண்டுவிரலைக் கூட விட மனம் வரவில்லை. தாளில்தானே, வெறும் மைதானே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்படியும் வரவில்லை.

அந்தத் தாள்களைக் கசக்கி எறிந்துவிட்டு, கையைத் தங்கைக்கே திருப்பிக் கொடுத்தாள். உடனே கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. விரிப்பில் கிடந்த விரல்கள் வந்தன. சூட்டில் தோல் எழுப்பிய வாசனை வந்தது. நிஜத்தில் அழாத அம்மா தாளில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எழுத எழுத நன்றாகத்தான் வந்தது. அதுதான் கேவலம். மதியத்துக்குள் முடித்து, பல்செட்டு அத்தியாயத்தையும் உருவி எடுத்து, பதிப்பகத்துக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். தங்கையிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

புத்தகம் வந்தது. அட்டையில் ஒரு கை. தங்கை அட்டையைப் பார்த்தாள். நடுவில் பிரித்து, நின்றபடியே படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள், கை. இன்னொன்றைத் திருப்பினாள், அங்கேயும் கை. அம்மா அழுகிற இடத்தை மறுபடி படித்தாள்.

"பல்செட்டு எங்க?"

"எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா, எடுத்துட்டியா?"

தங்கை புத்தகத்தை மடித்து மேசை மேல் வைத்தாள். எறியக் கூட இல்லை, ஆஸ்பத்திரி விரிப்பை மடிக்கிற மாதிரி மூலை பார்த்து வைத்தாள். அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு இருக்கிறதா, சாவி எங்கே, கதவைப் பூட்டு. இந்த மூன்றுக்கு மேல் அந்த வீட்டில் வாய் அசையவில்லை. லாண்டரியில் நடந்ததைக் கேட்டால், "வேலை நடந்துச்சு" என்பாள்.

புத்தகம் நன்றாகப் போனது. பள்ளிகள் கேட்டு வாங்கின. பிள்ளைகள் எழுதினார்கள்: அழுதோம், கை போகும் இடத்தில் தூங்க முடியவில்லை, இது மாதிரி இன்னும் எழுதுங்கள். அடுத்த புத்தகத்துக்கும் பதிப்பகம் இடம் ஒதுக்கியது. அக்காவின் இடுப்புக்கு நல்ல நாற்காலி ஒன்று வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பதிப்பாசிரியர் போன் செய்தார். அது சின்ன வீடு, போனில் பேசுகிறவர் குரல் அடுப்படி வரை கேட்கும். அங்கே தங்கை ரொட்டியை மணிக்கட்டால் அமுக்கிப் பிடித்து, இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு பெரிய ஸ்கூல்ல கூட்டம் வெச்சிருக்காங்க. பசங்க எல்லாம் அந்தத் தங்கச்சியப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. அவங்க பேச வேணாம். மேடையில உங்க பக்கத்துல உக்காந்தா போதும். கைய ஒண்ணும் காட்டச் சொல்ல மாட்டோம். சும்மா மேசை மேல வெச்சிருந்தா நல்லா இருக்கும், அவ்வளவுதான்."

கத்தியின் சத்தம் நின்ற மாதிரி இருந்தது. முடியாது என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது என்றுதான் அக்கா பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"கேட்டுப் பாக்கறேன் மேடம்," என்றாள்.

போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். கத்தி மறுபடி ரொட்டியில் இறங்கியது. தங்கை திரும்பாமலே கேட்டாள். "கார் அனுப்புவாங்களா, பஸ்ஸுலதான் வரணுமா?"

அது கிண்டலா, நிஜமா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் அவள் வாயைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.