ஆரணியில் பார்க்காமல் வந்த இடம்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதை ஒரு பதிலைத் தள்ளிப்போடுவதற்காக எழுதப்படுகிறது.

செய்யாற்றில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்யும் பானுப்ரியாவை, போன மாதம் ஆரணியிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை ஜெயக்குமாருக்குப் பட்டுச்சேலை வியாபாரம். பானுப்ரியா பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. "மாப்பிள்ளையப் பாத்தாச்சு. நான் போய் வாழப்போற ஊர யாரு பாக்கறது?" என்று கேட்டாள். அப்பா முறைத்தார். ஜெயக்குமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழி அமலாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவள் ஆரணியைப் பார்க்கப் போனாள்.

இதை எழுதுகிறவளும் பானுப்ரியாவும் ஒருத்திதான். அவள் போகும் மாலை நேர எழுத்துப் பயிற்சி வகுப்பில் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். 'நான்' என்று தொடங்கிப் பார்த்தாள்; எல்லா வாக்கியமும் அவளுக்குச் சாதகமாகவே போய் நின்றது. 'அவள்' என்று எழுதினால் கொஞ்சம் நேர்மை வருகிறது.*

* கொஞ்சம்தான். அன்று காலையில் எத்தனை சுடிதாரை மாற்றிப் பார்த்தாள் என்பது இந்தக் கதையில் வராது.

2

தொடக்கம், முதல் முயற்சி: பட்டின் பளபளப்போடு ஆரணி அவளை வரவேற்

(நிறுத்திவிட்டாள். வரவேற்றது ஒரு மினி லாரியின் ஹாரன்.)

இரண்டாம் முயற்சி: வரலாற்றுச் சிறப்பு மிக்க ஆரணி நகரில்

("இன்னாடி, பரீட்சையா எழுதற?" என்றாள் அமலா. அவளும் இதே வகுப்புதான். பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள்.)

மூன்றாவது: பேருந்தை விட்டு இறங்கியதும் ஜெயக்குமார் அவர்களை நேராகச் சாக்கடைக்குக் கூட்டிப்போனான்.

இது இருக்கட்டும். நடந்தது இதுதான்.

3

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய் அது. "மழை வந்தா இது ரோட்டுக்கு வந்துடுங்க," என்றான். வெட்கப்படவும் இல்லை, மழுப்பவும் இல்லை. அடுத்து அரிசி ஆலைப் பக்கம். உமிச்சாம்பல் பறந்து வந்து அமலாவின் வெள்ளைத் துப்பட்டாவில் உட்கார்ந்தது. "இங்க துணி காயப் போட்டா திரும்பத் தொவைக்கணுங்க." பிறகு விசைத்தறித் தெரு. தறிகளின் இரைச்சலுக்கு மேலே கத்தினான்.

"காலையிலேர்ந்து இப்டித்தாங்க, ஓடிகினே இருக்கும்!"

"இன்னாது?"

"ஓடிகினே இருக்கும்!"

"எங்க ஓடணும்?" என்று அமலா கத்தினாள்.

தெருமுனை தாண்டியதும் அமலா அவளைத் தனியே இழுத்தாள். "ஏ பானு, இவரு நம்பள வெரட்டத்தான் இதெல்லாம் காட்டறாரு. அவரு வீட்ல புடிச்சித் தள்றாங்க போல. வாணாம்னு நீயே சொல்லிட்டா அவருக்குப் பேஜார் இல்ல பாரு."

பானுப்ரியாவுக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் ஒன்று விளங்கியது: ஊரைப் பார்க்க வேண்டும் என்றது வெறும் சாக்கு. இவனை இன்னொரு தடவை பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள்.

(இங்கே ஒரு சந்தேகம். இந்த ஜெயக்குமாரை நம்பலாமா? தரம் பார்க்கிறவளின் கண் விட்டுப்போன தையலுக்குத்தான் முதலில் போகும். அவனிடம் அவளுக்குக் கிடைத்தது ஒன்றுதான்: ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பெண்களையும் இந்தப் பக்கமே விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடிப்போய், அங்கிருந்து "வாங்க, வாங்க" என்று கைகாட்டுகிறான். வேறு குறை அகப்படவில்லை. கதைக்கு இது நல்லதில்லை.)

4

மதியம் கடைத்தெருவில் அவன் கடைக்குப் போனார்கள். கண்ணமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சேலை எடுக்க வந்து உட்கார்ந்திருந்தது. ஜெயக்குமார் சாதாரணமான ஒன்றைப் பிரித்துப் போட்டான். பெண்ணின் அம்மா உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது கொஞ்சம் தேவலை. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மயில்கழுத்துச் சேலை மடிப்புக் கலையாமல் கிடப்பதைப் பானுப்ரியா பார்த்துவிட்டாள்.

"அத மொதல்லயே காட்டக் கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டாள். "அவங்க எழுந்து போய்ட்டா?"

"போனா போகட்டுங்க. நல்லத மொதல்ல பாத்துட்டா அப்புறம் எதுலயும் கண்ணு நிக்காது. மட்டத்துலேர்ந்து வந்தாத்தான் நல்லது நல்லதுன்னு தெரியும்."

மயில்கழுத்து விரிந்ததும் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தார், பேரம் பேச.

வெயில் தாழ்ந்ததும் கோட்டை மைதானம். மரத்தடிகளில் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு நிழல் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து கைலாசநாதர் கோயில். பிரகாரத்துக் கல் காலுக்கு இதமாகச் சுட்டது. அமலாகூட "பரவால்லடி" என்றாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கிங்க. வண்டியில கால் மணி நேரம்," என்றான் ஜெயக்குமார்.

முடியவில்லை. அமலாவின் ஹாஸ்டலில் இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பேருந்து நிலையத்துக்கு வந்தபோது செய்யாறு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

"இன்னா எடங்க அது?"

"சொல்லிட்டா அப்புறம் பாக்கறதுல ஒண்ணும் இல்லீங்க," என்றான். அவன் முகம் வாடிவிட்டது. பஸ் நகரும்போது ஜன்னலோரம் கூடவே நடந்து வந்தான். "எதுவா இருந்தாலும் பெரியவங்களுக்கு முன்ன எனக்குச் சொல்லிடுங்க. வாணாம்னாலும் சரி. வேற யார் வாயாலயும் கேக்க வாணாம்."

சரி என்று சொல்லிவிட்டாள். பஸ் திரும்பியதும் அமலா சொன்னாள்: "பாத்தியா, வாணாம்ன்ற வார்த்தைய அவரே எடுத்துக் குடுக்கறாரு."

5

மேலே எழுதியதை எல்லாம் இப்போது திரும்பப் படித்தாள். சாக்கடை, சாம்பல், சத்தம். அப்புறம் கோட்டை, அப்புறம் கோயில். எழுத்துப்பிழை பார்க்கத்தான் படித்தாள். கை நின்றுவிட்டது.

"ஏ அமலா. அவரு நம்பள வெரட்டலடி. சேலை காட்டிகீறாரு."

"ஊரையா?"

"ஊரத்தான். மட்டத்துலேர்ந்து."

அமலா நோட்டைப் பிடுங்கி விரல் வைத்துப் படித்தாள். "அடப்பாவி," என்றாள். "அப்ப அந்தக் கடைசி எடம்?"

"பாக்காமயே வந்துட்டோம்."

"போச்சு போ. இன்னொரு தபா போனாலும் மறுபடியும் சாக்கடையிலேர்ந்துதான் ஆரம்பிப்பாரு."

6

அந்தக் கடைசி இடத்துக்குச் சில வரைவுகள்.

பூசிமலைக்குப்பத்துக் காட்டுக்குள் இருக்கும் பழைய பங்களா. உடைந்த ஜன்னல் வழியே மலை தெரிய, அவன் ஏதோ சொல்ல வாயெடுக்க ("பாம்பு இருக்கும்," என்கிறாள் அமலா.)

அவர்கள் வீட்டு மொட்டைமாடி. (கால் மணி நேரம் என்றானே. கடையிலிருந்து வீடு நடக்கிற தூரம்தான். அடித்தாயிற்று.)

ஆற்றங்கரை. தண்ணீர் இல்லை, மணல்தான், ஆனாலும்

இதில் உங்களுக்கு எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள், வேறு தோன்றினாலும் எழுதிக்கொள்ளுங்கள். இடம் உங்களுடையது. பதிலை மட்டும் கேட்காதீர்கள். அது தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் அதை முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை.

பானுப்ரியா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போகிறாள். அமலாவையே வர வேண்டாம் என்றுவிட்டாள். நீங்களும் இங்கேயே இருங்கள். கதவைச் சாத்திக்கொள்கிறாள்.