யாரும் கை கொடுக்கக் கூடாது

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நின்று சைகை காட்டுபவரைச் சிக்னல்காரர் என்பார்கள். இருபத்தெட்டு வருடம் அந்த வேலையைப் பார்த்தவர், வீட்டில் பல்பு மாற்றப் போய் ஸ்டூலிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். நாற்பது டன் பெட்டிகள் தலைக்கு மேல் ஆடிய இடத்தில் ஒரு கீறல் படாத மனிதர். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

விழுந்த நேரமாவது நல்ல நேரமா? அதுவும் இல்லை. ஜீப்பின் கூரைமேல் பொருத்துகிற கூடாரம் ஒன்றை அவரும் மனைவியும் ஆறு மாதம் தேடி அப்போதுதான் வாங்கியிருந்தார்கள். பிரித்தால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். மடித்தால் அறுபத்திரண்டு கிலோப் பொதி. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஜன்னலே இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்பதை நோயாளிகளின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். எங்கோ ஓர் ஏரியில் வருடத்துக்குப் பத்தே நாள் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து இறங்கும் என்று படித்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. அந்தப் பத்தில் மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது.

"நான் மட்டும் போயிட்டு வரேங்க," என்றாள்.

சிக்னல்காரருக்குப் பயம். ஆனால் பயம் என்று சொன்னால் கௌரவம் என்ன ஆவது? அதனால் சட்டம் பேசினார்.

"போ. யார் வேணாம்னா? அந்தக் கூடாரத்தைத் தனி ஆளா வண்டி மேல ஏத்திட்டுப் போ. யாரும் கை குடுக்கக் கூடாது. நானும்தான். ஒரு சைகைகூடக் கிடையாது. முடியலன்னா பேசாம வீட்டுல இரு."

"ஏத்திட்டா?"

"ஏத்திட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

சனிக்கிழமை காலையிலேயே மனுஷன் முன்னறை ஜன்னல் அருகே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைச் சாத்தியாயிற்று. அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அக்கா பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜீப்பின் மூக்கு ஜன்னலைப் பார்த்துச் சற்றுக் கோணலாக நின்றதால் வண்டியின் பின்புறமும் அவருக்குத் தெரிந்தது.

மனைவி கூடாரத்தைத் தூக்கவே முயலவில்லை. பீரோ நகர்த்துவதுபோல ஒரு மூலை, மறு மூலை என்று நடத்தி வண்டியின் பின்புறம் கொண்டுபோனாள். பிறகு அலுமினிய ஏணியைக் கூரைமேல் சாய்த்தாள். கூரை விளிம்பில் கீறல் விழாமல் இருக்க ஒரு கம்பளியை மடித்துப் போட்டாள்.

"டேய், அது என் போர்வைடா!" என்றாள் அக்கா.

"சும்மா இரு அக்கா, பாக்க விடு."

அடுத்து ஒரு சோப்புக் கட்டி வந்தது. ஏணியின் இரண்டு சட்டங்களிலும் குழந்தைக்குத் தேய்ப்பதுபோல் தேய்த்தாள். சரி, வழுக்குவதற்கு. அது அவருக்குப் புரிந்தது. ஆனால் தள்ளிக்கொண்டே போய்க் கை ஓய்ந்தால்? பாதியில் யார் பிடிப்பார்கள்? அங்கேதான் மாட்டிக்கொள்வாள் என்று நினைத்து அவருக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. அப்படியே ஆயிற்று. தோள் கொடுத்துப் பாதி ஏணிவரை தள்ளினாள். பொதி கோணிக்கொண்டு சர்ரென்று இறங்கித் தரையில் உட்கார்ந்தது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய குஷி போன இடம் தெரியவில்லை.

பத்து நிமிடம் கழித்து எழுந்தவள் நீளமான கயிறு ஒன்றோடு வந்தாள். ஒரு முனையைக் கூடாரத்தில் கட்டி, கயிற்றைக் கூரைமேல் வீசி, முன்பக்கக் கொக்கியில் கோர்த்தாள். அதுவரை சரி. அப்புறம் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள்.

"என்னடா பண்றா, ஆயில் மாத்துறாளா?" என்றாள் அக்கா.

சிக்னல்காரர் முன்னால் தள்ளிப்போய் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கயிற்றை அடியில் எதற்கு விடுகிறாள்? எங்கே போகிறது அது? வண்டியின் பின்பக்கம் அவள் தலை முளைத்தது, கையில் கயிற்றின் மறு முனை. சட்டென்று விளங்கிவிட்டது அவருக்கு. பின்னால் நின்றபடி தோளால் தள்ளலாம், அதே நேரம் கையால் இழுக்கலாம். கை ஓய்ந்தால் பின்கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மூச்சு வாங்கலாம்.

"அடிப்பாவி!" என்று நல்ல தொடையில் ஓங்கித் தட்டினார்.

கூடாரம் ஏறியது. ஒரு சாண் ஏறும், நிற்கும். மறுபடி ஒரு சாண். ஏணியின் உச்சியில் ஒரு கணம் தயங்கி, பிறகு பொத்தென்று கூரைக் கம்பிகள்மேல் சாய்ந்தது. இனி முன்னால் இழுத்து நடுவில் வைக்க வேண்டியதுதான். அவள் பின்கண்ணாடிக்கு நேராகக் குனிந்து நின்று, உடம்பின் முழு பலத்தையும் போட்டுக் கயிற்றை இழுத்தாள்.

அங்கிருந்து அவளுக்குக் கூரை தெரியாது. இவருக்குத் தெரிந்தது. பொதி நடுவைத் தாண்டி, முன்கம்பியையும் தாண்டி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே இழுப்பு, முன்கண்ணாடிமேல் குப்புறப் பாயும். கண்ணாடி போகும், கூடாரம் போகும், பயணம் போகும். அவள் வீட்டில் இருப்பாள். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஒரு மூச்சு விடும் நேரம் அவர் அதை யோசித்தார். யோசித்தார் என்பதே அவருக்குக் கூசியது. மறுகணம் இரண்டு கைகளையும் அகல விரித்தார், உள்ளங்கை கீழே பார்க்க. துறைமுகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்: எது நடந்தாலும் அப்படியே நிறுத்து.

வண்டியின் பின்கண்ணாடி, முன்கண்ணாடி இரண்டையும் தாண்டி அவள் அதைப் பார்த்துவிட்டாள். கயிறு நின்றது.

அவள் முன்னால் வந்து மேலே நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள். முகமெல்லாம் கிரீஸ், முழங்கையில் சிராய்ப்பு.

"சைகை காட்டிட்டீங்க," என்றாள். "பந்தயம் பந்தயம்தான். தோத்துட்டேன்."

அவர் நினைத்தது அவர் மடியில் வந்து விழுந்துவிட்டது. சரி என்ற ஒரு சொல் போதும்.

"யாரு சைகை காட்டினது? காலைலேர்ந்து ஒரே எடத்துல உக்காந்திருக்கேன். சோம்பல் முறிச்சேன்."

"ரெண்டு கையையும் இப்படி விரிச்சா?"

"ஏன், என் கை, எப்படி வேணா விரிப்பேன்."

அக்கா பீன்ஸிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சின்ன வயசுலேர்ந்தே இவன் அப்படித்தாம்மா முறிப்பான். பக்கத்துல படுக்க முடியாது."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவருக்கு அவள் கண்ணைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஏழு நாள் இந்த வீடு எப்படி இருக்கும், அந்த ஏரிக்கரையில் அவள் எப்படித் தனியாகத் தூங்குவாள் என்ற பயமெல்லாம் அப்படியே இருந்தது. அதோடு அவள் அந்தக் கயிற்றை வண்டிக்கு அடியில் விட்ட விதத்தை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் என்றும் இருந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் திறந்தாள்.

"இனிமே நடுவுல நிறுத்திப் போல்ட் போடணும். எனக்கு மேல சரியாத் தெரியல," என்றாள். "திறந்தே இருக்கட்டும். மறுபடி சோம்பல் வந்தா முறிச்சுக்குங்க."

வெளியே போய்க் கூடாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஏணியில் நின்றபடி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். சிக்னல்காரர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி, இடப்பக்கம் இன்னும் இரண்டு விரற்கடை என்று காட்டினார்.