கருவாட்டு ஆதாரம்

1

சரக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பழையதாகத்தான் கிடைத்தது. புதுசு என்று உங்கள் தலையில் கட்ட மனம் வரவில்லை. (வந்தது. நீங்கள் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் விட்டுவிட்டேன்.)

மூன்று பேரிடம் வாங்கினேன். முதல் ஆள் கோவிந்தாபுரம் செக்போஸ்டில் பஸ் நின்ற நேரத்தில் பாதி சொன்னார். பஸ் உறுமியதும் மீதியோடு இறங்கிப் போய்விட்டார். இரண்டாம் ஆள் முழுசாகச் சொன்னார், ஆனால் கதையில் வரும் நல்ல வாக்கியங்கள் எல்லாம் தான் பேசியவை என்றார். மூன்றாம் ஆள், கதையில் தோற்றவரின் மருமகன். தோற்ற பக்கத்துச் சரக்கில் கலப்படம் குறைவு. சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் அவர் தராசில்தான் நிறுத்தேன்.

எப்படித் தொடங்குவது?

"தென்மலைச் சரிவில் மேகம் மெல்ல—"

வேண்டாம். மேகத்துக்கு இந்தக் கதையில் ஒரு வேலை உண்டு, கூப்பிடும்போது வரட்டும்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் வருஷம் ஐப்பசி மாதம் மேற்படி கிராமத்தில்—"

தகவல் சரி. ஆனால் பஞ்சாயத்து நோட்டீஸைச் சுவரில் ஒட்டியது போல இருக்கிறது.

"மொய்து ராவுத்தர் செருப்பில்லாமல் ஓடினார்."

இது போதும். விலை படிகிறதா பார்ப்போம்.

2

மொய்து ராவுத்தர் செருப்பில்லாமல் ஓடினார். ஐம்பது வயது, அதற்கேற்ற தொப்பை, கோவிந்தாபுரம் சாலையில் பலசரக்குக் கடை. கடைக்காரர் வாடிக்கையின் பின்னால் ஓடுவது நல்ல சகுனமல்ல. கடைத்தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது.

"அம்மிணி! நில்லு அம்மிணி! அந்தப் பொட்டலத்தக் குடு!"

மருதாத்தாள் திரும்பினாள். நாற்பது தாண்டிய விதவை, மூன்று ஏக்கர் கடலைக்காட்டைத் தனியாளாகப் பார்ப்பவள். கையில் கால் கிலோ கருவாடு.

"ஏனுங்க ராவுத்தரே, எடை கொறைச்சுப் போட்டீங்களா?"

"அல்லா! இல்ல."

"அப்ப சாஸ்தியாப் போட்டுட்டீங்களாட்டம் இருக்குது. அப்படீன்னாத் தரமாட்டனுங்க."

"கருவாட்ட நீயே வச்சுக்கோ தாயே. தாள மட்டும் குடு."

மொய்துவுக்கு ஒரு பழக்கம். கொல்லங்கோட்டில் பழைய வீடுகள் இடிபடும்போது கிலோக் கணக்கில் தாள் வாங்கிப் பொட்டலம் போடுவார். ஆனால் படிக்காத தாளில் மடிக்கமாட்டார். முன்பு ஒரு தடவை யாரோ யாருக்கோ எழுதிய காதல் கடிதத்தில் சீரகம் மடித்து, எழுதியவனுடைய மாமனார் வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து கண் படித்த பிறகே கை மடிக்கும். இன்று மட்டும் கை முந்திக்கொண்டது. நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, அவள் சாலையில் இறங்கிய பிறகுதான் படித்தது உறைத்தது. தாளில் இருந்தது மருதாத்தாள் புருஷனின் பாட்டன் பெயர், பெரியண்ணன். கூட இன்னொரு பெயர், நஞ்சப்பன்.

[ஆயிரம் தாள்களில், அவளுக்கு வேண்டிய தாள் அவள் கருவாட்டுக்கே வருமா? வராது. நான் கற்பனை செய்திருந்தால் இப்படிச் செய்திருக்கவே மாட்டேன். எதிர்வீட்டுக்காரிக்கு மிளகாய் மடித்துக் கொடுக்கும்போது கண்டுபிடித்ததாக மாற்றி எழுதிப் பார்த்தேன். நம்பும்படியாகவும் இருந்தது, உப்புச்சப்பில்லாமலும் இருந்தது. மூன்று பேரும் கருவாடு என்கிறார்கள். கருவாடே இருக்கட்டும்.]

3

அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதற்கு முன், அது ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

மருதாத்தாள் காட்டிலிருந்து சாலைக்கு வர ஒரே வண்டித்தடம். அது சென்னியப்பக் கவுண்டர் காட்டின் வடவோரமாகப் போகிறது. ஆவணியில் கவுண்டர் அதன் குறுக்கே முள்படல் வைத்து அடைத்துவிட்டார். காரணம் எல்லோருக்கும் தெரியும்: வழி இல்லாத காட்டை வேறு யார் வாங்குவார்கள்? அவருக்கே விற்க வேண்டியதுதான். கடலை முற்றிவிட்டது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் பிடுங்கி வண்டியேற்றாவிட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

அவள் போய்க் கேட்டபோது கவுண்டர் நாலு பேர் முன்னால் சொன்னார்: "தடம் எங்க பாட்டன் குடுத்ததுங்கற. அவரு குடுத்த துண்டுத்தாளு ஒண்ணு காட்டு, அன்னைக்கே படலத் தூக்கறேன்." நஞ்சப்பக் கவுண்டர் அவருடைய பாட்டன். தாள் இருக்காது என்ற தைரியம்.

தாள் இருந்தது. கருவாட்டு நெய் இறங்கி ஒரு மூலை கண்ணாடியாகியிருந்தது. மொய்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்:

"...என் காட்டின் வடவோரம் ஒரு வண்டி போக வர வேண்டிய அகலத்தைப் பெரியண்ணனுக்கும் அவர் வம்சத்துக்கும் எக்காலமும் விட்டேன். அவர் கிணற்றுத் தொட்டியில் என் மாடுகள் தண்ணீர் குடிக்கலாம். எனக்கு எழுத்துத் தெரியாது. கீறல் போட்டால் நாளை என் பிள்ளைகள் இது அவர் கீறல் அல்ல என்பார்கள். ஆகையால் மாட்டுக்கு இடும் சூட்டையே இளஞ்சூடாக இதில் இட்டேன். நஞ்சப்பன்."

கீழே பழுப்பாக ஒரு தீய்ந்த தடம். ஒரு குறுக்குக் கம்பி, அதிலிருந்து இறங்கும் மூன்று பல். சின்னச் சீப்புப் போல.

4

கொல்லங்கோட்டு ஆதாரம் எழுத்தர் அர்த்தநாரியை வரவழைத்தார்கள். (எங்கள் பக்கம் நிலப்பத்திரத்தை ஆதாரம் என்பார்கள்.) அர்த்தநாரி கண்ணாடியை மாட்டி, தாளை முகர்ந்து, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தாள் பழசு, அறுபது வருஷமாவது இருக்கும். மையும் பழசு. கையெழுத்து அந்தக் காலத்து எழுத்தர் கை மாதிரிதான் இருக்கு. ஆனா பழைய வெத்துத்தாள் இன்னைக்கும் கெடைக்கும், பழைய கையைப் பார்த்து எழுதவும் ஆள் உண்டு. அடையாளம் ஒத்துவந்தாத்தான் ஆதாரம் நிக்கும்."

சென்னியப்பக் கவுண்டர் தன் மயிலைக் காளையை அவிழ்த்துக் கடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தொடையில் சூடு பளிச்சென்று தெரிந்தது. நேராக ஒரு கோடு. அதன் மேல் நுனியிலிருந்து ஒரு பல், நடுவிலிருந்து ஒரு பல். இங்கிலீஷ் எஃப். அந்த எழுத்து கவுண்டர் வீட்டுப் பெருமை. பாட்டனுக்கு ஒரு வெள்ளைக்காரத் தொரை கொடுத்த எழுத்து என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் சொல்வார்கள். தொரை பெயர் மட்டும் கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறும்.

"எங்க ஊட்டுச் சூடு எஃப்பு. ரெண்டு பல்லு. இதுல மூணு பல்லு இருக்குது. நிமித்திப் புடிச்சா இது ஈ."

"இருந்தா என்னங்க—" என்று மருதாத்தாள் தொடங்கினாள்.

"கருவாட்டுத் தாள்ல ஈ உக்காராம வேற என்ன உக்காரும் அம்மிணி?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் காளையே மிரண்டது. அன்றே ஊர் அதற்குக் கருவாட்டு ஆதாரம் என்று பெயர் வைத்துவிட்டது. இரண்டு தலைமுறையாக எடையில் ஒரு குறைச்சொல் கேட்காத கடை. அன்று மாலை உப்பு வாங்க வந்தவன்கூட, "ராவுத்தரே, எங்க காட்டுக்கும் ஒரு ஆதாரம் மடிச்சுக் குடுங்க" என்றான்.

மருதாத்தாள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "மழை நாலு நாள்ல எறங்கிருமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

5

இங்கே எனக்கு மொய்து மேல் ஒரு சந்தேகம் வந்தது. மறைக்கமாட்டேன். பழைய தாள் கிலோக் கணக்கில் கிடைக்கும் ஆள், நன்றாக எழுதவும் தெரிந்த ஆள், மருதாத்தாள்மேல் இரக்கமும் உள்ள ஆள். இவரே ஏன் செய்திருக்கக் கூடாது? இப்படி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். நல்ல பக்கம், மொய்து விளக்கைத் தூண்டிவிட்டு, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி—

கிழித்துவிட்டேன். வியாபாரி கள்ளச்சரக்கு செய்தால் வாங்குபவன் எதிர்பார்க்கிற மாதிரிதான் செய்வான். தினமும் கடை வாசலைக் கடக்கிற காளையில் எஃப் இருக்கும்போது, எந்த முட்டாள் மூன்று பல் வைப்பான்?

மொய்துவுக்கும் இதே கேள்விதான் உறுத்தியது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தாளையும் தான் வரைந்து வந்த காளைச் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி ருக்கியா பீபி தலை வாரியபடியே வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ரெண்டு சீப்பு?"

"சீப்பில்ல. இது இங்கிலீஷ் ஈ. இது எஃப்."

"எனக்கு இங்கிலீசு தெரியாது. இது நல்ல சீப்பு. இது பல்லு போன சீப்பு."

மொய்து நிமிர்ந்து பார்த்தார்.

"பல்லு போனதுன்னு எப்படிச் சொல்றே?"

ருக்கியா தன் சீப்பைக் காட்டினாள். ஓரத்தில் இரண்டு பல் இல்லை. "ரெண்டே பல்லுன்னு அடிச்சிருந்தா ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணொண்ணு வச்சிருப்பான். இங்க ஒரு பக்கம் கம்பி சும்மா நீட்டிக்கிட்டு இருக்குது பாருங்க. பல்லு போனா மத்த பல்லெல்லாம் நகந்து வந்து எடத்த நெரப்பிக்குமா? சோறு ஆறுது, தின்னுங்க."

இங்கிலீஷ் தெரிந்த ஊர் முழுக்க அறுபது வருஷமாக எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தது. எழுத்துத் தெரியாத ஒருத்திதான் இரும்பைப் பார்த்தாள்.

[இந்த வாக்கியத்தைத்தான் இரண்டாம் ஆள் தன்னுடையது என்றார். இல்லை. என்னுடையது.]

6

சூட்டுக்கோலைப் பார்த்துவிட்டால் முடிந்தது. ஆனால் அது கவுண்டர் வீட்டுப் பரணில் இருக்கிறது. கேட்டால் தருவாரா?

முதலில் எழுதிய பிரதியில் மொய்து ஒரு கன்றை ஓட்டிக்கொண்டு போய், ராசியான சூடு போட்டுத் தரும்படி கேட்பதாக எழுதினேன். கன்றுக்கு மூன்று பத்தி செலவானது. அதுவும் போக, அதைச் சுட எனக்கு மனம் வரவில்லை. கன்றை அவிழ்த்துவிட்டேன்.

நடந்தது இன்னும் எளிது. எதிராளியின் சரக்கை நாம் போய் எடுக்கக் கூடாது. அவரே தூக்கி வந்து நம் மேசையில் வைக்க வேண்டும். வியாபாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் காலை மொய்து கடைத்தெரு நடுவில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கவுண்டரே, நான் தோத்துட்டேன். ஆனா பாருங்க, நாளைக்கு எவனாவது, கவுண்டரு கோலக் காட்டாமயே ஜெயிச்சாருன்னு சொல்லிருவான். அது உங்களுக்குக் கொறை. கோலக் கொண்டாந்து இந்தத் தாள் மேல வைங்க. எழுத்தரு பாக்கட்டும். ஒத்துவரலேன்னா என் கையால கிழிச்சு, இந்தக் கடைய மூடிட்டுச் சின்னக்கானல் எஸ்டேட்டுக்குத் தேயிலை பறிக்கப் போயிர்றேன்."

"நீங்க மலை ஏறுவீங்களா ராவுத்தரே? மலை தாங்காது."

கவுண்டர் சிரித்துக்கொண்டே, ஆள் அனுப்பாமல், தாமே போய்க் கோலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

7

அர்த்தநாரி தாளைப் பலகையில் விரித்தார். கோலின் தலையை மெல்ல அதன் மேல் இறக்கினார்.

குறுக்குக் கம்பி, தீய்ந்த கோட்டின் மேல் நூலிழை பிசகாமல் உட்கார்ந்தது. கம்பியின் ஓரத்தில் சம்மட்டி தவறி விழுந்த ஒரு நெளிவு. தாளிலும் அதே நெளிவு. முதல் பல், முதல் பல்லின் மேல். இரண்டாம் பல், இரண்டாம் பல்லின் மேல். மூன்றாம் பல் தாளில் மட்டும் தனியாக இருந்தது.

"இந்த எடத்தத் தேய்ங்க" என்றார் மொய்து, கம்பியின் வெறும் நுனியைக் காட்டி.

மருதாத்தாள்தான் புளியும் சாம்பலும் வாங்கி, தேங்காய் நாரால் தேய்த்தாள். பித்தளைக் குடம் விளக்குகிற கை. அறுபது வருஷத்துத் துரு மூச்சுவிடும் நேரத்தில் உதிர்ந்தது. உள்ளே, கடலைப்பருப்பு அளவுக்கு, முறிந்த பல்லின் அடிக்கட்டை பளபளத்தது.

அர்த்தநாரி கண்ணாடியைக் கழற்றினார். "கள்ளம் செய்யறவன் காளையைப் பார்த்து ரெண்டு பல்தான் வைப்பான். மூணாவது பல் இருந்ததே இங்க உயிரோட இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாது. கோல் முறியறதுக்கு முன்னாடி இட்ட சூடு இது. ஆதாரம் அசல்."

கடைத்தெருவில் எழுந்த சத்தம் செக்போஸ்ட் வரைக்கும் கேட்டதாம். போலீஸ்காரர் லாரியை விட்டுவிட்டு ஓடிவந்தாராம். (முதல் ஆள் சொன்னது. நீங்கள் பாதிக்குக் கேளுங்கள்.)

"அப்ப அந்தத் தொரை?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"கொல்லன்தானுங்க தொரை" என்றாள் மருதாத்தாள். மூன்று மாதத்தில் அன்றுதான் அவள் சிரித்தாள்.

கவுண்டர் தாளைக் கையில் வாங்கினார். கடைசி வரிகளை உரக்கப் படிக்கச் சொன்னார். மொய்து படித்தார்: "...நாளை என் பிள்ளைகள் இது அவர் கீறல் அல்ல என்பார்கள்..." கவுண்டர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு,

"எங்க பாட்டன் என்னைய ஒருநாளும் கண்ணுல பாத்ததில்ல. ஆனா நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்காரு" என்றார். "வண்டியக் கட்டச் சொல்லு அம்மிணி."

மொய்து அதற்குள் கல்லாவுக்குத் திரும்பி, ருக்கியாவுக்கு ஒரு புதுச் சீப்பு எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். தாளைப் படித்துவிட்டுத்தான். (அவள் அதை வாங்கவில்லையாம். "பழசே போதும், பல்லு போனதுலதான் அறிவு இருக்குது.")

8

முடிவு ஒன்று பாக்கி. அங்கேதான் என் மூன்று வியாபாரிகளும் மூன்று விலை சொல்கிறார்கள்.

இரண்டாம் நாள் விடிந்ததும் பதினாலு மூட்டைக் கடலையோடு வண்டி தடத்தில் வந்து நின்றது. தென்மலையிலிருந்து மேகம் இறங்கிவிட்டது. (கூப்பிட்டேன், வந்தது.) குறுக்கே முள்படல். அதைத் தூக்கியது யார்? பஸ்ஸில் பாதி சொன்னவர், மருதாத்தாள் என்கிறார். மருமகன், மாமனாரே வந்து தூக்கினார் என்கிறார். இரண்டாம் ஆள், தான்தான் என்கிறார்.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மருதாத்தாள் தூக்கினால் அழகு. கவுண்டர் தூக்கினால் நியாயம். இரண்டாம் ஆள் தூக்கினால் அவர் எனக்கு ஒரு டீ வாங்கித் தருவார். என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அதற்குள் முதல் துளி மூட்டை மேல் விழுந்துவிட்டது. மாடு கால் மாற்றுகிறது. மருதாத்தாள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி இந்தப் பக்கமே பார்க்கிறாள்.

படலுக்குப் பக்கத்தில் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். முள் குத்தும், அடிக்கழியைப் பார்த்துப் பிடியுங்கள்.